காசு கட்டாத நடு இருக்கை

விமானத்தில் என்னை எங்கே இருத்துவது என்கிற முடிவை ஒரு கணினியின் நல்ல மனதிடம் விட்டவன் நான். என் வாழ்க்கையில் இதைவிடப் பெரிய மடைத்தனம் செய்ததில்லை என்று எழுத ஆசைதான். ஆனால் மனைவி வாசித்தால் வேறு நாலைந்தை உடனே எடுத்து வைப்பாள்.

வன்கூவரில் மனைவியின் அண்ணனுடைய மகளுக்குக் கலியாணம். மொன்றியலில் இருந்து நாலு பேர் போவதாக ஏற்பாடு: நான், மனைவி, அவளுடைய தங்கை, தங்கையின் கணவன். இந்தக் கடைசி ஆள் எனக்குச் சகலன். மொன்றியல் ஓரத்துக் கர்க்லாண்டில் வீடு. இணையத்தில் மலிவு ரிக்கற் தேடிப் பிடிப்பதில் அந்த நாட்களில் அவனை மிஞ்ச ஆள் இல்லை. அவன் பிடித்த ரிக்கற் மெய்யாகவே மலிவு. ஆனால் அந்த விமானக் கொம்பனி மூச்சுக் காற்றைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் காசு கேட்டது. இந்த இருக்கைதான் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்வதற்குத் தலைக்கு இவ்வளவு. கட்டாதவர்களைக் கணினி தன் விருப்பப்படி ஆளுக்கொரு மூலையில் தூவிவிடும்.

"இருக்கிறதுக்கும் காசோ? கட்டாட்டி என்ன, தொங்கிக்கொண்டோ போறது?" என்று சகலன் வீட்டில் கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புத்தான் என்னைக் கெடுத்தது. அடுத்து ஒரு பிறந்தநாள் வீட்டில் அதையே சொன்னேன். பூசை முடிந்து தேவாலய வாசலில் நின்றவர்களிடம் சொன்னேன். செயின்ட்-மிஷேலில் நான் நடத்திய டெப்பனருக்கு, அதாவது மூலைக் கடைக்கு, சிகரெட் வாங்க வந்த கியூபெக் கிழவரைக்கூட விடவில்லை, பிரெஞ்சில் சொன்னேன். அதே கடையில், ஐந்து டொலருக்குக் குறைந்த சாமானுக்கு வங்கி அட்டையை நீட்டினால் ஐம்பது சதம் கூட என்று நானே எழுதி ஒட்டியிருந்தேன். அது வேறு விஷயம்.

நாளடைவில் பகிடி கொள்கையாகிவிட்டது. "ஒருத்தரும் ஒரு சதமும் கட்டப்படாது, சொல்லிப்போட்டன்" என்று அறிவித்தேன்.

"ஓம் அண்ணை, கட்டுறேல்லை" என்றான் சகலன். போராட்டத்துக்கு ஒரு படை சேர்ந்துவிட்டது என்று நினைத்தேன்.

மனைவி மட்டும் ஒரு நாள் சேலை மடித்துக்கொண்டு கேட்டாள்: "இஞ்சாருங்கோ, அந்தச் சீற்றுக் காசைக் கட்டுவமே? ஒண்டா இருந்து போகலாம்."

"வீட்டுக்குள்ள ஒண்டாத்தானே கிடக்கிறம், காணாதே?"

அவள் சிரிக்கவில்லை. மடித்த சேலையை உதறி மறுபடியும் மடித்தாள்.

அவள் கேட்டதற்குக் காரணம் இருந்தது. நாங்கள் இரண்டு பேரும் அதுவரை ஒன்றாக விமானம் ஏறியதே இல்லை. நான் அகதியாகத் தனியே வந்தேன். ஸ்பொன்சர் சரிவந்து, பல வருடம் கழித்து அவளும் தனியே வந்தாள். இடையில் தொலைபேசி அட்டையில் காசு முடிகிற நேரமாகப் பார்த்து நான் பெரிய வாக்குகளைக் கொடுப்பது வழக்கம். அதில் ஒன்று: "நாங்கள் சேர்ந்து பிளேனில போகேக்க ஜன்னல் சீற்று உமக்குத்தான்." பிறகு பிள்ளைகள், கடை, பனி. விமானம் ஏறிப் போவதற்கு எங்களுக்கு ஓரிடமும் வாய்க்கவில்லை. இந்தக் கலியாணந்தான் முதல் தரம்.

அந்த வாக்கை நான் மறந்துவிடவில்லை. கடையில் ஒரு நாளைக்கு நூறு பேரைச் சிரிக்க வைக்கிறவன், விமான நிலையக் கவுண்டரில் ஒரு பிள்ளையைச் சிரிக்க வைக்க மாட்டேனா? பக்கத்துப் பக்கத்தில் இரண்டு இருக்கைகளை இனாமாக வாங்கி மனைவியிடம் ராசா மாதிரி நீட்டுவது என்பது என் இரகசியத் திட்டம்.

கவுண்டரில் இருந்த பிள்ளைக்கு ஒரு 'பொஞ்சூர்' சொல்லி, தொங்கிக்கொண்டு போகும் பகிடியையும் அவிழ்த்துவிட்டு, என்னையும் மனைவியையும் சேர்த்துப் போடும்படி கேட்டேன். அவள் சிரித்தாள். பிறகு திரையைப் பார்த்து, "மற்ற மூன்று பேருக்கும் ஏற்கெனவே இடம் இருக்கிறது மிசியே. உங்களுக்கு மட்டும்தான் இல்லை" என்றாள்.

திரும்பிப் பார்த்தேன். மூன்று பேரும் எங்களுக்குச் சம்பந்தமே இல்லாத ஹலிபக்ஸ் விமானம் எத்தனை மணிக்கு என்று அறிவிப்புப் பலகையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"டேய், என்னடா இது?"

"கொம்பியூட்டர் தன்பாட்டில போட்டிருக்கும் அண்ணை" என்றான் சகலன்.

நம்பினேன். கணினிக்கும் பெண்கள்மேலும் மலிவு ரிக்கற் பிடிக்கிறவர்கள்மேலும் இரக்கம் உண்டு போலும் என்று ஒரு பகிடிகூட விட்டேன். மூன்று பேரும் அளவுக்கு மிஞ்சிச் சிரித்தார்கள்.

உள்ளே ஏறிய பிறகுதான் வெளித்தது. பன்னிரண்டாம் வரிசை: ஜன்னலோரம் மனைவி, நடுவில் தங்கை, ஓரத்தில் சகலன். எனக்கு இருபத்தொன்பது, நடு இருக்கை. "நீ பின்னுக்குப் போ, நான் இதில இருக்கிறன்" என்றேன் சகலனிடம்.

அவன் வாய் திறக்குமுன் தங்கை திறந்தாள். "மாறேலாது அத்தான், காசு கட்டி எடுத்த சீற்று. அக்காதான் கட்டச் சொல்லிக் காசு தந்தவ."

சகலன் முன் இருக்கைப் பையில் இருந்த பத்திரிகையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டான். அவசரத்தில் அதைத் தலைகீழாகப் பிடித்திருந்தான். மனைவி ஜன்னலுக்கு வெளியே பெட்டி ஏற்றுகிறவர்களைக் கவனமாகப் பார்த்தாள். பின்னால் ஆட்கள் தள்ள, பணிப்பெண் என்னை என் இடத்துக்கு அனுப்பினாள்.

இருபத்தொன்பதில் ஒரு பக்கம் ஹொக்கி விளையாடுகிறவன் போன்ற தோள், மறுபக்கம் காதில் பாட்டுப் போட்ட மாணவி. கைப்பிடி இரண்டும் அவர்களுடையவை. பகிடி சொல்ல ஆளில்லாமல் நான் மனைவிக்காகச் சாட்டுகள் தேடத் தொடங்கினேன். எனக்கும் கட்டப் பார்த்திருப்பாள், வங்கி அட்டை வேலை செய்திராது. எனக்குச் சொன்னால் கத்துவேன் என்று பயந்திருப்பாள். என் கொள்கைக்கு மரியாதை செய்திருப்பாள். இந்தக் கடைசிச் சாட்டு எனக்கு நன்றாகப் பிடித்திருந்தது. ஆனால் ஒன்றுக்கு மட்டும் சாட்டுக் கிடைக்கவில்லை: சேலை மடித்தபோது அவள் கேட்டது எங்கள் இரண்டு பேருக்கும். பிறகு காசு கொடுத்தபோது அந்தக் கணக்கில் நான் இல்லை.

இடுப்புப் பட்டி விளக்கு அணைந்ததும் எழுந்து முன்னுக்குப் போனேன். சகலன் கண்ணை இறுக்கி மூடி நித்திரை நடித்தான். தங்கை மெய்யாகவே நித்திரை. மனைவி மடியில் முறுக்குப் பையுடன் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே வெள்ளையாக மேகம். நான் தருவதாகச் சொன்ன ஜன்னல் அது.

இரண்டு பேருக்கும் மேலாகக் குனிந்து, ஒரு பகிடியும் கலக்காமல் கேட்டேன். "எனக்கும் ஒண்டு சேர்த்து எடுத்திருக்கலாமே?"

அவள் ஒரு முறுக்கை எடுத்து என் கையில் வைத்தாள்.

"ஒரு வரிசையில மூண்டு சீற்றுதானே அப்பா இருக்கு."