மலையைப் பார்த்த நாற்காலிகள்

பேய், முனி என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிறவன் நான். எங்கள் குடும்பத்தில் பத்தாவது தேறிய முதல் ஆள். அந்தக் கர்வமும் உண்டு. நீங்கள் நம்பினாலும் சரி, சிரித்தாலும் சரி, நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன்.

இலங்கை சுதந்திரமாகிச் சில வருடமாகியும் வட்டவளைப் பக்கம் எங்கள் தோட்டத்தில் வெள்ளைக்காரத் துரைதான். அவருடைய துரைசாணி, பங்களாவுக்குப் பின்னால் ஒரு பெரணி மரத்தடியில் பாசியும் கூழாங்கல்லும் வைத்துக் குட்டியாக ஒரு தோட்டம் போட்டிருந்தார். அவர்கள் ஊரில் விரல் உயரத்தில் இறக்கை முளைத்த தேவதைகள் உண்டாம், அவை வந்து உட்கார நாற்காலி மேசை வேண்டுமாம். எனக்குக் கத்தி வேலை நன்றாக வரும் என்று கேள்விப்பட்டுக் கூப்பிட்டார். "நல்லா செய். ஆபீஸ் வேலைக்கு நான் துரைகிட்ட சொல்றது" என்றார். கூலிக்காரர்களின் லயத்து அறையில் பிறந்தவனுக்குக் கிளாக்கர் வேலை! உயிரைக் கொடுத்துச் செய்தேன்.

தேயிலைப் பெட்டிப் பலகையில் மேசையும் கட்டிலும், பெட்டிக்குள் இருக்கும் ஈயத்தாளில் முகம் பார்க்கும் கண்ணாடியும் ஆயின. நாற்காலிக் கால்களுக்குத்தான் நேரான, காய்ந்த குச்சி அகப்படவில்லை. எங்கள் தோட்டத்தில் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டத் தொடங்கும் அன்று, முதலில் வெட்டிய கிளைகளை மலையில் இருக்கும் கவ்வாத்துச் சாமி கல்லடியில் வைத்துக் கும்பிடுவார்கள். அப்புறம் அதை யாரும் தொடமாட்டார்கள். சும்மா உக்கி மண்ணாகிப்போகிற குச்சிதானே என்று ஒரு பிடி அள்ளிவந்தேன். நாலு நாற்காலி ஆயிற்று.

மேசையைச் சுற்றி வைத்தேன். மறுநாள் காலையில் நாலும் மேசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மலையைப் பார்த்தபடி இருந்தன. திருப்பி வைத்தேன். அடுத்த நாளும் அப்படியே. என் சந்தேகமெல்லாம் தோட்டக்காரர் பழனியாண்டி மேல். தன் மருமகனுக்கு அதே ஆபீஸ் வேலையைக் கேட்டுக்கொண்டிருந்தவர் அவர்.

"என்னங்க கிளாக்கரய்யா, நாக்காலியெல்லாம் ஒங்களோட கோவிச்சுக்கிருச்சா?" என்றார்.

"நீங்கதான் திருப்புறீங்க."

"என் வெரலு தடிமனுக்கு அதத் தொட்டா ஒடிஞ்சுல்ல போகும்! வாங்க, ரெண்டு பேருமா உக்காந்து பாப்போம்."

ஞாயிற்றுக்கிழமை பகலில் உட்கார்ந்தோம். நாற்காலிகளை மேசைப் பக்கம் திருப்பி வைத்து, சுற்றிலும் தேயிலைத் தூளை மாவுபோலத் தூவினேன், எலி ஓடினாலும் தடம் விழட்டும் என்று. மூன்று மணி வாக்கில் பனிமூட்டம் இறங்கி எதிரில் இருந்த மரமே மறைந்துவிட்டது. நான் சும்மா இருப்பேனா, பழனியாண்டியின் இரண்டு கையையும் எட்டிப் பிடித்துக்கொண்டேன். மூட்டம் விலகும்வரை விடவில்லை, சத்தியமாக.

விலகியதும் பார்த்தால் தூளில் ஒரு கீறல் இல்லை. நாலும் மலையைப் பார்த்திருந்தன.

பழனியாண்டி குனிந்து, தொடாமல், நாற்காலிக் கால்களையே பார்த்தார். "குச்சி ஏது தம்பி?" அவர் என்னைத் தம்பி என்றது அன்றுதான்.

"தேயிலை ஸ்டோர் அடுப்பு விறகு" என்றேன். அவர் மலையை ஒருமுறை பார்த்துவிட்டு எழுந்து போனார்.

திங்கட்கிழமை துரைசாணி வந்து, திரும்பியிருந்த நாற்காலிகளைப் பார்த்தார். "யார் இது செய்றது? நீயா?" அவர் முகத்தைப் பார்த்ததும் வேலை கைநழுவிப் போவது தெரிந்தது. மூட்டத்தில் அந்தக் கைகளைப் பிடித்திருந்த நானே, "பழனியாண்டி" என்று சொல்லிவிட்டேன். அன்றைக்கே அவரைப் பங்களாவிலிருந்து மலை வேலைக்கு மாற்றினார்கள். அடுத்த மாதம் நான் ஆபீசில் உட்கார்ந்தேன்.

துரைசாணி சீமைக்குப் போனபோது நாற்காலிகளைப் பஞ்சில் சுற்றி எடுத்துப்போய்விட்டார். கல்லடியில் திரும்ப வைக்க என்னிடம் ஒரு துண்டுக் குச்சிகூட இல்லை.

ஆபீசைப் பூட்டுகிறவன் நான். சாவி ஒன்றுதான், அது என் இடுப்பில். சாயங்காலம் என் நாற்காலியை மேசைக்குள் தள்ளிவிட்டுத்தான் பூட்டுகிறேன். காலையில் திறந்தால் அது ஜன்னலைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது. ஜன்னலில் தெரிவது அந்த மலை. அந்த நாற்காலியில் இப்போது நான் உட்காருவதில்லை.

இன்று காலை, ஆட்களுக்குப் பேர் போட்டு வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்துக்குப் போகிற வழியில் பழனியாண்டி ஜன்னலோரம் நின்றார். நாற்காலியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஏன் நிக்கிறீங்க கிளாக்கரய்யா? உக்காருங்க" என்றார்.