வலது பக்கம் டிவி, இடது பக்கம் வீடு

காது மந்தமானவனுக்கு இந்த உலகத்திலேயே பிடிக்காத வார்த்தை ஒன்று உண்டு: "ஒண்ணுமில்ல." என் மனைவியும் மகளும் சாப்பாட்டு மேஜையில் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். "இன்னா?" என்பேன். சொல்வார்கள், புரியாது. மறுபடி சொல்வார்கள், பாதி புரியும். மூன்றாவது முறை கேட்டால், "ஒண்ணுமில்ல, வுடு" என்று விடுவார்கள். அந்த 'வுடு' மட்டும் எனக்கு எப்படியோ கேட்டுவிடும்.

இருபது வருடம் ஈ.சி.ஆர். ரிசார்ட்டுகளில் டி.ஜே.வாக இருந்தவன் நான். கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வரை நான் ஆட வைக்காத புல்வெளி கிடையாது. ஸ்பீக்கருக்குப் பக்கத்திலேயே நின்று நின்று காது போனது. செங்கல்பட்டு டாக்டர் எழுதிக் கொடுத்த காது மெஷினை வெளியே போகும்போது மாட்டிக்கொள்வேன். வீட்டில் குக்கரும் மிக்ஸியும் அதற்குள் புகுந்து மண்டையைப் பிளக்கும் என்பதால் கழற்றி வைத்துவிடுவேன். இப்போது கூடுவாஞ்சேரி வீட்டிலேயே ஆம்ப்ளிஃபையர் ரிப்பேர் பார்க்கிறேன்.

திருவிடந்தையில் ஒரு ரிசார்ட் தன் பழைய டான்ஸ் ஹாலை இடித்தபோது, வாசலில் கொட்டியிருந்த சாமான்களுக்கு நடுவே அந்த மிக்சரைப் பார்த்தேன். ரெக்கார்டு சுழற்றிய காலத்தில் பாட்டோடு பாட்டைக் கலந்து கொடுத்த டி.ஜே. மிக்சர். கேட்டதும் கொடுத்துவிட்டார்கள். உப்புக்காற்றில் திருகாணியெல்லாம் துருவேறிக் கிடந்தது. வீட்டில் கொண்டுவந்து திறந்ததும் கும்பிடத் தோன்றியது. ஒவ்வொரு குமிழும் தனித்தனியாகக் கழற்றி மாட்டுகிற மாதிரி இருந்தது. ஒயர்களை அளவெடுத்து வளைத்து, நூல் போட்டுக் கட்டியிருந்தார்கள். ஈயம் உருக்கி சால்டர் வைத்த புள்ளிகள் இன்னும் பளபளத்தன. இப்போது வருகிறவற்றில் ஒன்று போனால் முழு போர்டும் குப்பைதான். இதைச் செய்த ஆளோ, இன்னொருவன் ஒருநாள் இதைத் திறப்பான் என்று யோசித்துச் செய்திருக்கிறார். முகம் தெரியாத அந்த ஆள்மீது எனக்குப் பெரிய மரியாதை வந்தது.

"இத்த வச்சிக்கினு இன்னா பண்ணப்போற நைனா?" என்றாள் மகள்.

"உங்க கதைய கேக்கப்போறேன்" என்றேன்.

டிவியை ஒரு சேனலில் கொடுத்தேன். சாப்பாட்டு மேஜைக்கு மேலே ஒரு மைக்கைத் தொங்கவிட்டு இன்னொரு சேனலில் கொடுத்தேன். ரெக்கார்டு ஊசியின் மெல்லிய ஒலியைத் தூக்கிக் கொடுப்பதற்காக உள்ளே வைத்திருந்த பாகம் மேஜைப் பேச்சையும் தூக்கிக் கொடுத்தது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கூர்மையான ஒலிகளைக் கூட்டுகிற ட்ரெபிள் குமிழை மெல்லத் திருகினேன். எனக்குப் போனது கூர்மையான ஒலிகள் மட்டும்தான். மனைவி பேசினால் குரல் வரும், எழுத்து வராது. குமிழ் பாதி திரும்பியதும், "சாம்பார்ல உப்பு சாஸ்தி" என்று கேட்டது. தொலைந்துபோன 'ச' எல்லாம் திரும்பி வந்துவிட்டது. அழுதுவிட்டேன், மறைப்பானேன்.

நடுவில் இடமும் வலமும் தள்ளுகிற ஃபேடர் ஒன்று இருக்கிறது. ஒரு பாட்டைக் குறைத்து இன்னொன்றைக் கொண்டுவருவதற்காக வைத்தது. மகள் அதன் வலது பக்கம் 'டிவி' என்றும் இடது பக்கம் 'வீடு' என்றும் ஸ்டிக்கர் ஒட்டினாள். சில வாரத்தில் அந்த ஃபேடர் கரகரக்க ஆரம்பித்தது. செத்துப்போன இன்னொரு மிக்சரிலிருந்து ஒன்றைப் பிடுங்கி மாட்டினேன். கிரிக்கெட் பார்க்கலாம் என்று டிவி பக்கம் தள்ளினால், கண்ணில் கிரிக்கெட், காதில் மனைவி! இரண்டு ஒயரை மாற்றி வைத்திருக்கிறேன். கற்றுக்குட்டிகூடச் செய்யாத தப்பு. சால்டரிங் அயர்னை எடுக்க எழுந்தவன், அவள் பேச்சைக் கேட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அவளுக்கு மறைமலைநகரில் ஒரு கம்பெனி கேண்டீனில் வேலை. மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "முன்னயெல்லாம் கேண்டீன்ல எதுனா நடந்தா, எப்படா வூட்டுக்குப் போயி இவராண்ட சொல்லுவோம்னு ஓடியாருவேன். இப்போ ஒண்ணையே மூணு தபா கத்திச் சொன்னா அதுல இன்னாடி இருக்குது? சண்ட போடற மாதிரி கீது. அதான் வுட்டுட்டேன்."

"மைக்கு கீதும்மா."

"அவரு டிவி பக்கம் தள்ளிக்கினு கீறாரு, பாரு."

நான் ஃபேடரைச் சரிசெய்யவில்லை. ஒரு வாரம் ஒட்டுக்கேட்டேன். அயோக்கியத்தனம்தான். ஆனால் அந்த ஒரு வாரம்போல் நான் வீட்டில் வாழ்ந்து பல வருடமாகிவிட்டது.

மாட்டிக்கொண்டதும் அந்த ஃபேடரால்தான். நம் ஆள் அவுட்டாகி, டிவியில் ஊரே தலையில் கைவைத்திருந்த நேரத்தில், மேஜையில் அவள் சொன்ன ஏதோ ஒன்றுக்கு நான் கெக்கெக்கே என்று சிரித்துத் தொலைத்தேன். எழுந்து வந்தாள். டிவியைப் பார்த்தாள், ஃபேடரைப் பார்த்தாள், என் ஹெட்போனைக் கழற்றித் தன் காதில் வைத்துப் பார்த்தாள்.

"உல்டாவா கீது" என்றேன். "ஆனா ஒரு தபா சொன்னாலே கேக்குது. மூணு தபா வாணாம்."

அவள் முகம் சிவந்துவிட்டது. அன்றைக்கே ஒயரை மாற்றி வைத்தேன். ஆனாலும் இரண்டு நாள் மேஜையில் பேச்சே இல்லை. கரண்டி தட்டில் படுகிற ஓசை மட்டும் துல்லியமாகக் கேட்டது. இருந்த கொஞ்சத்தையும் நானே கெடுத்துக்கொண்டேன் என்று நொந்துபோனேன்.

மூன்றாம் நாள் சாயந்திரம் வேலையிலிருந்து வந்தவள், பையைக்கூடக் கீழே வைக்காமல் என் மிக்சர் பக்கம் வந்து, ஃபேடரை 'வீடு' பக்கம் தள்ளினாள். மேஜைக்குப் போய் மைக்கை இரண்டு தட்டு தட்டினாள்.

"ஹலோ. இத்த கேளுய்யா. இன்னிக்கி கேண்டீன்ல கொரங்கு பூந்துச்சி. வடைய அள்ளிக்கினு போச்சி. நான் செஞ்ச பொங்கல மோந்து பாத்துட்டு, வாணாம்னு வச்சிட்டுப் போயிடுச்சி."

ஒரு எழுத்து விடாமல் கேட்டது.

"இன்னா?" என்றேன்.

ஒரு நொடி என்னை உற்றுப் பார்த்தாள். பிறகு பையைக் கீழே வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, குரங்கு நுழைந்த இடத்திலிருந்து மறுபடியும் சொன்னாள்.