ஒரு நேரத்துக்கு ஒரு கப்

கொழும்பில், வெள்ளவத்தையில் ஃபிளாட் வைத்திருப்பவர்கள் உண்மையில் மடம்தான் நடத்துகிறார்கள். விசா அலுவலாக யாழ்ப்பாணத்திலிருந்து வருகிறவர்களும், கலியாணத்துக்கென்று வெளிநாட்டிலிருந்து இறங்குகிறவர்களும் எங்கள் வீட்டு மணியை அடிக்காமல் போனதில்லை. வந்தவரைக் கோப்பி கொடுக்காமல் அனுப்பக்கூடாது. ஹோலில் சிரிப்பும் கதையுமாக இருக்கும். நான் குசினிக்குள் பால்மா கரைத்துக்கொண்டு நிற்பேன்.

என் கணவரின் தாய், மாமி, குளியலறையில் விழுந்து இடுப்பு முறிந்தபிறகு அவரைத் தனியே விட முடியாது. அதனால் கொட்டாஞ்சேனையில் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டேன். இந்த வருடம் அந்தக் கந்தோரிலிருந்தே திரும்ப வரச்சொல்லிக் கேட்டார்கள். எனக்குத் துள்ளிக் குதிக்கவேண்டும் போலிருந்தது. ஆவணியில் கனடாவிலிருந்து என் கணவரின் அண்ணாவும் லண்டனிலிருந்து அவரின் சகோதரியான மச்சாளும் குடும்பத்தோடு வருவதாக இருந்தது. மாமியை இனி யார் பார்ப்பது என்று அப்போது எல்லாருமாக இருந்து கதைப்போம் என்றார்கள்.

"வேலைக்குப் போற கதையை நீர் தொடங்கும், நானும் சேர்ந்து சொல்லுறன்" என்றார் கணவர். அவர் முதலில் தொடங்கமாட்டார். தாயின் முன்னால் அவருக்கு வாய் வராது.

ஆக, அந்தக் கதை நடக்கும்போது நான் ஹோலில் இருந்தாகவேண்டும். அதற்குத்தான் கோப்பி மெஷின். கணவரை இழுத்துக்கொண்டு பக்கத்துப் பெருந்தெருவான காலி வீதியில் ஒரு கடைக்குப் போனேன். கொட்டையை அரைத்துப் போடுவது ஒன்று, பெரிய ஜாடியில் வடிப்பது ஒன்று, கோப்பித்தூள் அடைத்த சின்னக் குப்பியைச் செருகிப் பட்டனை அமத்துவது ஒன்று. கடைக்காரர் மூன்றாவதை இயக்கிக் காட்டினார்.

"அக்கா, ஒராளும் பக்கத்தில நிக்கத் தேவையில்லை. தங்கட கோப்பியை அவையவையே போட்டுக் குடிக்கலாம்."

அந்த ஒரு வார்த்தையில் நான் விழுந்துவிட்டேன். ஜாடி மெஷினைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஹோலில் அலுமாரிக்குப் பக்கத்தில் வைத்தால் சரி, ஆளாளுக்கு எழும்பிப் போய் அமத்துவார்கள், நான் சோபாவில் இருப்பேன் என்று வழி முழுக்கக் கணவருக்குச் சொல்லிக்கொண்டு வந்தேன்.

பெட்டியைப் பிரித்ததும் மாமி கேட்டார்: "ஹோலுக்குள்ள வைச்சு ஊத்திக் குடிக்க இதென்ன பிள்ளை, கடையே?"

மெஷின் குசினிக்குப் போனது. எங்கள் ஆட்களில் எவர்தான் பிறத்தியார் குசினிக்குள் போய்ப் பட்டன் அமத்துவார்கள்? அதோடு, கோப்பி என்றால் தட்டத்தில் எல்லாருக்கும் சேர்த்துத்தான் வரவேண்டும். ஒருவருக்கு முதலில் கொடுத்தால் மற்றவருக்கு வரும்வரைக்கும் அவர் அதைத் தொடமாட்டார். இதெல்லாம் எனக்குப் பிறந்த நாளிலிருந்து தெரியும். தெரிந்துகொண்டுதான் ஒரு நேரத்துக்கு ஒரு கப் போடும் மெஷினைத் தேடிப்பிடித்து வாங்கியிருக்கிறேன். என் புத்தியை என்னவென்று சொல்ல!

ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வந்து சேர்ந்தார்கள். நானும் போய் சோபா நுனியில் இருந்தேன். "தங்கச்சி, மெஷின் கோப்பி ஒண்டு குடிப்பமே" என்றார் அண்ணா. எழும்பினேன். அதுவரை வெயிலைப் பற்றித்தான் கதைத்தார்கள்.

முதல் கப் வடிந்தது. இரண்டாவதற்குக் குப்பியை மாற்றும்போது "அம்மா" என்று ஒரு சொல் காதில் விழுந்தது. பட்டனை அமத்தினேன், மெஷின் கர்ரென்று கத்தத் தொடங்கியது. அது நின்றதும் மச்சாளின் குரல் பாதி கேட்டது, அடுத்த கப் அதையும் விழுங்கியது. அப்படியே விட்டுவிட்டுப் போகலாம்தான். ஆனால் தட்டத்தில் நாலு கப்போடு எட்டுப் பேருக்கு முன்னால் எப்படிப் போவது? முதலில் ஊற்றியது ஆறிக்கொண்டிருந்தது. எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. கணவர் ஒருமுறையாவது குசினிப் பக்கம் எட்டிப்பார்ப்பார் என்று நினைத்தேன்.

தட்டத்தோடு போனபோது கதை முடிந்திருந்தது. கணவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணா ஒரு வாய் குடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"அம்மா உங்களோடயே இருக்கட்டும் எண்டு முடிவெடுத்திட்டம், தங்கச்சி. உங்களைப் போல ஆர் பாப்பினம்? உங்களுக்கும் சரிதானே?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மாமியும் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன்.

"சீனி காணுமோ, இன்னும் போடவோ?" என்று கேட்டேன்.