ஆயுத பூஜைக்குக் கழற்றிய கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவைக்கிறேன். கோயமுத்தூரில் பெட்டி விற்பதானால், ஆயுத பூஜை என்று ஒன்று இங்கே உண்டு என்பதைத் தெரிந்துகொண்டு விற்கவும். நீங்கள் தெரிந்துகொள்ளாததில் என் பொழப்பு நாறிப்போனது.

நான் பட்டு ரவிக்கைக்கு எம்பிராய்டரி டிசைன் போடுகிறவள். கம்ப்யூட்டரில் வரைந்து கொடுத்தால் மெஷின் அதை அப்படியே துணியில் தைத்துவிடும். பல வருடம் ஒருவரிடம் சம்பளத்துக்கு வரைந்தேன். டிசைன் என்னுடையது, பேர் அவருடையது. போதுமடா சாமி என்று வெளியே வந்து வீட்டிலேயே தனியாகத் தொடங்கினேன். அதற்காக வாங்கியதுதான் இந்தக் கம்ப்யூட்டர்.

வாங்கும்போதே வீட்டில் வாக்குவாதம். என் வீட்டுக்காரர் மதுக்கரைப் பக்கம் லேத் பட்டறை வைத்திருக்கிறார். "பாகம் பாகமா வாங்கி அசெம்பிள் பண்ணிக்கலாம் அம்மணி. எது போச்சோ அத மட்டும் கழட்டி மாத்திக்கலாம்" என்றார். எனக்கு எரிச்சல்தான் வந்தது. போர்டுக்கு ஒரு பில், மெமரிக்கு ஒரு பில், ஒவ்வொன்றுக்கும் ஒரு வாரண்டி. ஏதாவது படுத்துக்கொண்டால் போர்டு விற்றவன் மெமரியைக் கைகாட்டுவான், மெமரி விற்றவன் போர்டைக் கைகாட்டுவான். நடுவில் நான் அலைய வேண்டும். "எனக்கு ஒரே நம்பர் போதுமுங்க. போன் பண்ணுனா ஊட்டுக்கு வந்து சரி பண்ணிக் குடுக்கோணும்" என்று அடம்பிடித்துக் கம்பெனிப் பெட்டியையே வாங்கவைத்தேன். மூன்று வருட வாரண்டி.

ஆயுத பூஜை அன்று பொரியும் பழமும் வாங்கப் போயிருந்தேன். திரும்பி வந்தால் கம்ப்யூட்டர் பளபளவென்று நிற்கிறது. மேலே விபூதிப் பட்டை, சந்தனம், குங்குமம். பட்டறையில் அன்றைக்கு ஒவ்வொரு மெஷினையும் மூடியைக் கழற்றி, உள்ளே துடைத்து, எண்ணெய் விட்ட பிறகுதான் பொட்டு வைப்பார்கள். அதே கையோடு என் பெட்டியையும் கழற்றி, பிரஷ்ஷால் தூசி தட்டி, திரும்ப மூடியிருக்கிறார். ஸ்க்ரூ மேல் ஒட்டியிருந்த சின்ன ஸ்டிக்கர் இரண்டாகக் கிழிந்திருந்தது. நான் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. கற்பூரம் காட்டிக் கும்பிட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போனேன்.

அடுத்த மாதம் ஆர்.எஸ்.புரத்துப் பட்டுக்கடை ஒன்றில் வாய்ப்பு வந்தது. கல்யாணப் பெண்ணுக்கான ரவிக்கை டிசைன்கள். "வெள்ளிக்கிழமை காலைல கொண்டாந்து காட்டுங்க அம்மணி. புடிச்சிருந்தா சீசன் பூராவும் உங்களுக்கே" என்றார் கடைக்கார அம்மா. என் பேரில் வரும் முதல் பெரிய வேலை. உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு ஒடிய வரைந்தேன். திங்கட்கிழமை கம்ப்யூட்டர் செத்துவிட்டது. பென்டிரைவில் ஒரு நகல் எடுத்து வைத்திருக்கலாமே என்று கேட்க வருகிறவர்கள் தயவுசெய்து வாயை மூடிக்கொள்ளவும்.

அந்த ஒரே நம்பருக்குப் போன் செய்தேன். ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று பாட்டுப் பாடியது. வியாழக்கிழமைதான் கம்பெனி ஆள் வந்தார். மனுஷர் தன்மையானவர்தான். திறந்து பார்த்து, "பவர் சப்ளை போயிருக்குதுங்க மேடம்" என்றார்.

"சரி, மாத்திக் குடுங்க."

"ஸ்க்ரூ மேல இருந்த சீல் கிழிஞ்சிருக்குதுங்களே. வாரண்டி வராதுங்க."

"சீல் கிழிஞ்சதாலயா பவர் சப்ளை போச்சு?"

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லீங்க. ஆனா ரூல்ஸ் அப்படிங்க."

சம்பந்தமே இல்லையாம்! காசு கொடுத்தே மாற்றலாம் என்றால், இந்த மாடலுக்கு வெளியே கிடைப்பது பொருந்தாதாம், சென்னையிலிருந்து வர வேண்டுமாம், நாளாகுமாம். எனக்கு உச்சந்தலை வரைக்கும் சூடு ஏறியது. பட்டறையிலிருந்து வீட்டுக்காரரை வரவழைத்தேன். அவர் கிரீஸ் கையோடு வந்து நின்று, "ஏனுங்க, உள்ளார அழுக்க வெச்சுப்போட்டு வெளிய பொட்டு வெச்சா நல்லாவாங்க இருக்கும்?" என்று அந்த ஆளையே நியாயம் கேட்டார். வாசலில் நின்ற அந்த ஆளின் பைக்கிலும் சந்தனப் பொட்டு காய்ந்துபோய் ஒட்டிக்கொண்டிருந்தது. ஆனால் பைக்குக்குச் சீல் கிடையாதே!

"அசெம்பிள்னு அப்பவே..." என்று ஆரம்பித்தார் வீட்டுக்காரர். நான் பார்த்த பார்வையில் மீதியை விழுங்கிக்கொண்டார்.

மறுநாள் அவரே டிசைன்கள் இருந்த டிஸ்க்கைக் கழற்றி எடுத்துக்கொண்டு, அசெம்பிள் செய்கிற கடை ஒன்றுக்கு என்னை அழைத்துப் போனார். கடை திறக்கவே பத்தரை. வாசலில் நின்றபடியே ஆர்.எஸ்.புரத்துக்குப் போன் செய்து, மத்தியானம் வரட்டுங்களா என்று கேட்டேன். "அதுக்கென்னங்க, வாங்க அம்மணி" என்றார் அந்த அம்மா. எங்கள் ஊரில் முடியாது என்பதையும் இப்படித்தான் சொல்வார்கள். பிறந்ததிலிருந்து இங்கேயே இருக்கும் எனக்கு, அன்றைக்கு அது உறைக்கவில்லை. வேறொரு கம்ப்யூட்டரில் டிஸ்க்கை மாட்டியதும் என் டிசைன்கள் ஒன்றுவிடாமல் வந்தன. பிரிண்ட் எடுத்துக்கொண்டு ஓடினேன்.

கடைக்கார அம்மா மோர் கொடுத்து உட்காரவைத்தார். "தப்பா நெனச்சுக்காதீங்க அம்மணி. காலைலயே ஒருத்தரு கொண்டாந்து காட்டிப்போட்டாருங்க. அவருக்கே சொல்லிப்போட்டோமுங்க" என்றார்.

யாரென்று கேட்டேன். என் பழைய முதலாளி.

அந்த அம்மா மேஜை மேல் ரவிக்கை ஒன்றை விரித்தார். முதுகில் ஒரு மயில், தலையைத் திருப்பிப் பார்த்தபடி. "தொட்டுப் பாருங்க, என்ன வேலைப்பாடு! அவருக்குக் கை அப்படிங்க" என்றார்.

தொட்டுப் பார்த்தேன். மயிலின் கழுத்துக்குப் பச்சை மட்டும் போதாது என்று கொஞ்சம் ஊதா கலந்தது, அவரிடம் வேலை பார்த்தபோது நான் செய்தது. இப்போது போய் அதைச் சொன்னால் யார் நம்புவார்கள்?

"நல்லாருக்குதுங்க" என்று சொல்லிவிட்டு, என் பிரிண்டுகளைப் பையிலிருந்து எடுக்காமலேயே எழுந்து வந்தேன்.