ஸ்பானிஷ்ல சொன்ன பேரு

நாகமலை புதுக்கோட்டையில இன்னைக்குச் சாயங்கால ஸ்பானிஷ் வகுப்பு. வாத்தியார் என்னையப் பாத்து, "உங்க வீட்டுக்காரர் பேரை ஸ்பானிஷ்ல சொல்லுங்க"ன்னாரு.

கல்யாணமானதுலருந்து என் வாயில வராத பேரு. ரேஷன் கடையிலகூடப் பக்கத்துல நிக்கிற அக்காதான் எனக்காகச் சொல்லும்.

"மி மரீதோ சே யாமா...", அதாவது 'என் வீட்டுக்காரர் பேரு' வரைக்கும் வந்துட்டேன். அதுக்கு மேல பேருதான் வரணும்.

கண்ணை மூடிக்கிட்டு, "சுந்தரபாண்டி"ன்னு சொல்லிப்புட்டேன்.

வாத்தியார் அடுத்த ஆளுகிட்டப் போயிட்டாரு. அம்புட்டுத்தான். ஒண்ணும் ஆகல.

காளவாசல் ஸ்டாப்புல அவுக சைக்கிளோட நின்னாக. "இன்னைக்கு என்ன படிச்ச?"

"உங்க பேரை."

வீடு வரைக்கும் சைக்கிள்ல ஏறாமத் தள்ளிக்கிட்டே வந்தாக. வாசல்ல நின்னு, மெதுவா, "எங்க, சொல்லு பாப்பம்"னாக.

தமிழ்ல வரமாட்டேங்குது. உங்களுக்கெல்லாம் உங்க வீட்டுக்காரர் பேரு வாயில வருதா?