மஞ்சளாய்ப் போன வெள்ளைச் சுவர்

யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாத காலம். எங்கள் வீட்டில் முதன்முதல் பள்ளிக்கூடம் போனவள் நான். அந்தப் பெருமிதத்தோடு, கட்டிடப் படம் வரையும் அலுவலகமொன்றில் வேலை கேட்டிருந்தேன். ஓர் இடத்துக்கு இரண்டு பேர். கட்டப்போகும் வெள்ளை வீடொன்றை, நேரில் நிற்பதுபோல் வர்ணத்தில் தீட்டி வரச் சொன்னார்கள்.

மண்ணெண்ணெய் விளக்கில் தீட்டினேன். வெள்ளைச் சுவர் வெறுமையாய்த் தெரியாதிருக்க இளமஞ்சள் பூசினேன்; அந்த வெளிச்சத்தில் மஞ்சள் தெரியாது. தெரியவில்லையே என்று மேலும் மேலும் பூசிவிட்டேன். காலையில் அலுவலக வாசலில் படத்தை விரித்தால், வெள்ளைச் சுவர் முழுக்க மஞ்சளாய் நின்றது. கண் கலங்கியது.

போட்டிக்கு வந்த மற்றவர் எட்டிப் பார்த்தார். “என்ன தங்கச்சி, வீட்டுக்குச் செங்கண்மாரியோ?” எங்கள் ஊரில் மஞ்சள் காமாலைக்கு அதுதான் பேர்.

“சிரியாதேங்கோ அண்ணை. எல்லாம் போச்சு.”

“ஒண்டும் போகேல்லை. இந்த மஞ்சளைப் பின்னேர வெயில் எண்டு வையும். நிழலை மட்டும் ஊதாவிலை நல்லா நீட்டிவிடும்.”

தன் ஊதா வர்ணத்தையும் தூரிகையையும் நீட்டினார். தூணின் நிழல் விறாந்தையில் நீள நீள, மஞ்சள் சுவரில் மாலை வெயில் அடித்தது.

வேலை எனக்குத்தான் கிடைத்தது. அவருக்கு நன்றி சொல்ல ஓடினேன்.

“வெயில் நல்லா விழுந்திருக்கு, பிள்ளை,” என்றபடி சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

அதுவரை, நானாகவே முன்னேறியவள் என்று எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன். அதன்பிறகு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.