அத்தையின் வயது வரம்பு

எங்கள் அத்தை உட்கார்ந்து படித்து நான் பார்த்ததே இல்லை. லிங்கராஜபுரத்து வீட்டில் சமையலறைக்கும் வாசல் கதவுக்கும் நடுவே நடந்துகொண்டேயிருப்பாள். கையில் புத்தகத்தோடு நான் பின்னாலேயே ஓடிக் கேள்வி கேட்க வேண்டும். சாளுக்கியர் தலைநகரம் எது? நர்மதை எந்தப் பக்கம் ஓடுகிறது? ஐ.ஏ.எஸ். என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. தப்பாகச் சொன்னால் அப்பாவின் தங்கையையே திட்டலாம் என்பது மட்டும் தெரியும். நாலாம் வகுப்பு படிக்கிறவளுக்கு அதைவிட என்ன பதவி வேண்டும்?

முதல்கட்டத் தேர்வு நெருங்கியபோது அப்பா அவள் தலையில் கல்லைத் தூக்கிப் போட்டார். தங்கவயலிலிருந்து ஒரு சம்பந்தம். வந்து பார்த்துப் பிடித்துப்போனால், நிச்சயத்துக்கு அவர்கள் குறித்திருந்த ஞாயிற்றுக்கிழமைதான் தேர்வு நாளும்.

"அண்ணா, இதான் எனக்குக் கடைசி சான்ஸு. வேற நாள் வெக்கச் சொல்லேன்."

"இத்தினி வருஷம் எழுதி என்னத்தக் கிழிச்ச? கம்முனு இரு."

அத்தை மறுபடி நடக்க ஆரம்பித்தாள். அந்த வாரம் அவள் நடந்த நடையில் கீழ்வீட்டு அம்மா மேலே வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனார். ராத்திரி சாப்பாட்டைக்கூட நின்றபடியே முடித்தாள்.

பெண் பார்க்க வந்தார்கள். பஜ்ஜியும் கேசரிபாத்தும் வைத்தோம். பையனின் அம்மா என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார்.

"உங்க அத்த ஏதோ பரிச்சைக்குப் படிக்கிறாளாமே பாப்பா? கல்யாணம் முடிஞ்சி நிதானமா எழுதட்டுமே, என்ன அவசரம்?"

கேள்வி என்று ஒன்று வந்துவிட்டால் நான் விடுவேனா? "அதெப்படி ஆன்ட்டி முடியும்? முப்பத்திரண்டு வயசு வரைக்கும்தான் எழுதலாம். அத்தைக்கு இந்த வருஷத்தோட முடியுது" என்று கடகடவென்று ஒப்பித்தேன்.

அவர் எடுத்த பஜ்ஜியைத் தட்டிலேயே வைத்தார். அப்பா அவர்களிடம் இருபத்தேழு என்று சொல்லிவைத்திருந்தது எனக்கு எப்படித் தெரியும்?

"என்னங்க இது, அஞ்சு வருசத்த அப்படியே முழுங்கிட்டீங்க?"

காபி வருமுன்பே அவர்கள் கிளம்பிவிட்டார்கள். அப்பா என்னை அடிக்கக் கை ஓங்கினார். அத்தை குறுக்கே பாய்ந்தாள். அடி அவள் தோளில் விழுந்தது. "கொழந்த என்னண்ணா பண்ணும், உள்ளதச் சொல்லிச்சு" என்றாள். அன்று நான் அழுத அழுகை! அத்தையின் வாழ்க்கையையே கெடுத்துவிட்டேன் என்று எனக்குச் சோறே இறங்கவில்லை.

அந்த ஞாயிறன்று அம்மாவோடு நானும் தேர்வு மையத்து வாசல்வரை போனேன். உள்ளே போன அத்தை திரும்பி ஓடிவந்து என் கன்னத்தைக் கிள்ளினாள். "சூப்பரா பதில் சொன்னடி" என்றாள். கேலி செய்கிறாள் என்று நினைத்து நான் மறுபடி அழுதேன்.

அடிப்பாவி! எனக்கு உறைக்கப் பல வருஷமாயிற்று. பெண் பார்க்க வந்த அன்று காலை, எனக்குத் தலை பின்னிவிட்டபடி அவள்தான் என்னைக் கேள்வி கேட்டாள். எத்தனை வயசுவரைக்கும் எழுதலாம்? எனக்கு எப்போ முடியுது? தானே பதிலையும் சொல்லிக்கொடுத்து, தடுமாறாமல் வரும்வரை விடவில்லை. இதெல்லாம் புத்தகத்திலேயே இல்லையே, பரீட்சையில் எவன் கேட்கப் போகிறான் என்று நான் அவளைத் திட்டித் தீர்த்தேன்.